ஐந்நூறு வாட் என்று எழுதியிருந்தது

கணினி வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் ஒரே ஒழுங்கில்தான் கேள்வி கேட்கிறார்கள். முதலில் கிராபிக்ஸ் கார்ட் என்ன என்பார்கள். பிறகு புரொசெசர், பிறகு ரெம். கடைசியில், காசு கட்டும் மேசைக்கு வந்த பிறகு, "பவர் சப்ளை ஒன்றும் போட்டுவிடுங்கள்" என்பார்கள். கலியாண வீட்டில் மணவறை அலங்காரத்துக்கு ஒரு மாதம் யோசித்துவிட்டு, சமையற்காரரை முதல்நாள் இரவு தேடுவதைப் போன்றது இது.

ஓர் இலக்கியச் சஞ்சிகையில் பவர் சப்ளையைப் பற்றி என்ன பேச்சு என்று வாசகர்கள் நினைக்கக்கூடும். வன்னியில் இருந்துகொண்டு மின்சாரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அது காணியிலும் இடப்பெயர்விலும் அயலவரிலும் போய்த்தான் நிற்கும். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று.

என் மூத்த மகன் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறுக்குக் காத்திருந்த மாதங்களில், உறவினர் ஒருவரின் கடையில் கணக்கு எழுதிக் கொஞ்சம் காசு சேர்த்திருந்தான். கேம் விளையாடக்கூடிய கணினி ஒன்று வேண்டும் என்றான். அவன் சேர்த்ததோடு நான் போடக்கூடியதையும் சேர்த்தால் ஒன்றரை இலட்சம் வரும். "விளையாட்டுக்கு ஒன்றரை இலட்சமா?" என்று அவனுடைய உம்மா கேட்டார். உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு படிக்கப் போவதாகவும், படிப்புக்கும் அது உதவும் என்றும் அவன் சொன்னான். அது பொய்யில்லை, முழு உண்மையும் இல்லை.

அவன் எழுதிவந்த பட்டியலில் பாவித்த ஆர்.எக்ஸ் 580 கார்ட் ஒன்று முதலாவதாக இருந்தது. கடைசி வரியில் "500 வாட் பவர் சப்ளை" என்று மட்டும் இருந்தது. எல்லாப் பொருளுக்கும் கம்பனிப் பெயர் எழுதியிருந்தவன் அதற்கு மட்டும் எழுதவில்லை.

"மகன், இந்தப் பெட்டிய யாரு செஞ்சது?"

"ஏன் வாப்பா அதக் கேக்கிறீங்க? கரண்ட் தர்ற பெட்டிதானே."

கரண்ட் தருகிற பெட்டிதானே என்று இலேசாகச் சொல்வதற்கு எங்கள் தலைமுறைக்கு வாய் வராது.

1990 ஒக்டோபரில் வட மாகாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. தண்ணீரூற்றிலும் நீராவிப்பிட்டியிலும் இருந்து கையில் அகப்பட்டதோடு புறப்பட்டவர்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. ஏறத்தாழ 75,000 பேர் இப்படி வேரறுக்கப்பட்டோம். பெரும்பாலானோர் புத்தளத்தில் போய் நின்றோம். கற்பிட்டிப் பாதையில் ஓலைக் கொட்டிலில், குப்பி விளக்கின் வெளிச்சத்தில் நான் ஓ.எல். படித்தேன். மண்ணெண்ணெய் தீர்ந்தால் படிப்பும் தீர்ந்தது.

அதே காலத்தில் வன்னியில் இருந்தவர்கள் பட்டது வேறுவிதம். அங்கே மின்சாரம் அறுந்துபோயிருந்தது. பெற்றரியும் தடைப்பட்ட பொருள்களில் ஒன்று. என்னோடு படிப்பிக்கும் தமிழ் ஆசிரியர் ஒருவர் ஒருநாள் சொன்னார்: "நாங்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைச்சு, டைனமோவைச் சுத்தித்தான் தமிழோசை கேட்டனாங்கள் சேர். ஒராள் பெடல் சுத்த, மற்றாக்கள் ரேடியோவுக்குக் கிட்ட இருப்பம். சுத்திற ஆள் களைச்சால் செய்தியும் நிண்டுபோம்."

சைக்கிள் டைனமோ தருவது 6 வோல்டில் 3 வாட். என் மகன் கேட்ட கார்ட்டுக்கு மட்டும் 185 வாட் வேண்டும். அதாவது அறுபத்திரண்டு சைக்கிளைக் கவிழ்த்து வைத்து அறுபத்திரண்டு பேர் பெடல் சுற்ற வேண்டும். இந்தக் கணக்கைச் சொன்னபோது மகன் சிரித்தான். அந்த ஆசிரியர் சிரிக்கவில்லை. "அப்ப ஒரு கிராமமே சுத்த வேணும்" என்றார்.

யுத்தம் 2009இல் முடிந்து நாங்கள் திரும்பியபோது எங்கள் வளவு காடாகிக் கிடந்தது. கிணற்றுக்குள்ளே மரம் வளர்ந்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகக் கம்பம் வந்தது, கம்பி வந்தது, பிறகு வீட்டுக்கு மீற்றர் வந்தது. அந்த வருடங்களில்தான் நாங்கள் அகதியாகக் குந்தியிருந்த கற்பிட்டிக் கரையில் நுரைச்சோலை அனல் மின்நிலையம் எழும்பிற்று. 2011இல் முதல் இயந்திரம் ஓடத் தொடங்கி, 2014இல் மூன்றும் சேர்ந்து 900 மெகாவாட் ஆனது. நாட்டின் மின்வலையில் எந்த ஊர்ப் பல்புக்கு எந்த நிலையத்து மின்சாரம் வருகிறது என்று யாரும் பிரித்துச் சொல்ல முடியாது. ஆனாலும் குப்பி விளக்கு எரித்த மண்ணிலிருந்து வெளிச்சம் எங்களுக்குப் பின்னாலேயே ஊருக்கு வந்து சேர்ந்தது என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு திருப்தி உண்டு.

அந்த வெளிச்சம் நிலையானது என்று நான் சொல்லமாட்டேன். 2020, 2021, 2023 என்று நாடு முழுவதும் இருண்ட நாட்கள் இருந்தன. 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை வெட்டினார்கள். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு பட்டதில் இலங்கை முழுவதும் மின்சாரம் இழந்தது. நுரைச்சோலை இயந்திரங்களும் நின்றன. அவை திரும்ப ஓடும்வரை அடுத்த நாட்களில் மின்வெட்டு. இவை பெரிய கதைகள். எங்கள் ஊரின் சிறிய கதை வேறு. கம்பியின் கடைசி வீடுகளில், வயலுக்கு நீர் இறைக்கும் மோட்டர்கள் ஒன்றாக ஓடத் தொடங்கினால் பல்பு மஞ்சளாகிவிடும். 230 வோல்டில் ஆறு வீதம் கூடலாம், ஆறு வீதம் குறையலாம் என்பது சட்டம். மஃரிபு நேரத்துப் பல்புக்குச் சட்டம் தெரியாது.

இங்கேதான் அந்தக் கடைசி வரிப் பெட்டி முக்கியமாகிறது. சுவரில் இருந்து வருவது 230 வோல்ட் ஆடலோட்டம். கணினிக்குள் இருக்கும் எதுவும் அதை நேரடியாகத் தாங்காது. பவர் சப்ளைதான் அதை 12, 5, 3.3 வோல்ட் நேரோட்டமாக மாற்றி, அளந்து கொடுக்கிறது. வெளியே கூடினாலும் குறைந்தாலும் உள்ளே 12 என்றால் 12ஆகவே இருக்க வேண்டும். உள்ளே ஏதாவது பழுதானால் தன்னையே நிறுத்திக்கொள்ளவும் வேண்டும். அது செய்ய வேண்டிய வேலை இவ்வளவுதான்.

மகனையும் கூட்டிக்கொண்டு வவுனியாவுக்குப் போனேன். முதலில் ஏறிய கடையில் இருந்த பொடியன், 500 வாட் என்று பெரிய எழுத்தில் போட்ட பெட்டி ஒன்றை எடுத்து வைத்தான். "இதைத்தான் சேர் எல்லாரும் கொண்டுபோகினம். ஐந்நூறு வாட், தாராளம்." விலையும் குறைவு. இலேசாகவும் இருந்தது.

பெட்டியின் பக்கத்தில் ஒட்டியிருந்த சிறிய அட்டவணையை மகனிடம் காட்டி வாசிக்கச் சொன்னேன். 3.3 வோல்டில் 20 அம்பியர். 5 வோல்டில் 20 அம்பியர். 12 வோல்டில் 16 அம்பியர். நான் கணிதம் படிப்பிக்கிறவன், பெருக்காமல் விடமுடியவில்லை. 66, 100, 192. மூன்றையும் கூட்டினால் 358. கடைசியில் இருந்த இரண்டு சில்லறைக் கோடுகளைச் சேர்த்தாலும் 375ஐத் தாண்டவில்லை. ஐந்நூறு எங்கே இருந்து வந்தது?

அதைவிடப் பெரிய விசயம், இன்றைய கணினியில் புரொசெசரும் கிராபிக்ஸ் கார்ட்டும் மின்சாரம் எடுப்பது 12 வோல்ட் கோட்டில் இருந்து. மற்ற இரண்டு கோடுகளில் எவ்வளவு இருந்தாலும் அவற்றுக்கு உதவாது. கார்ட்டுக்கு 185, புரொசெசருக்கு உச்சத்தில் 88, மதர்போர்ட், டிஸ்க், விசிறிகளுக்கு 40 என்று வைத்தால் 313 வாட். பன்னிரண்டால் வகுத்தால் 26 அம்பியர். பெட்டி தருவதாகத் தானே ஒப்புக்கொள்வது 16. அந்தப் பதினாறும் உண்மையா என்பது வேறு கேள்வி.

அல்குர்ஆனில் அளவையிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரின் பெயரிலேயே ஒரு ஸூறா இருக்கிறது: ஸூறத்துல் முதஃப்பிஃபீன். சிறு வயதில் ஓதும்போது, தராசுத் தட்டின் கீழே புளி ஒட்டிவைக்கும் கடைக்காரன்தான் என் கண்ணில் வருவான். இப்போது தராசு மாறிவிட்டது. வாட், கிகாபைட், மெகாபிக்சல் என்று நாங்கள் காணாத அளவைகளில் பொருள் விற்கிறார்கள். சீனியில் ஐம்பது கிராம் குறைந்தால் கை அறியும். பன்னிரண்டு வோல்டில் பத்து அம்பியர் குறைந்தால் எந்தக் கை அறியும்? அறியாத அளவையில் குறைப்பது, அறிந்த அளவையில் குறைப்பதைவிட இலேசான பாவம் என்று நான் நினைக்கவில்லை. அதே நேரம் அந்தப் பொடியன் மோசக்காரன் அல்ல. அவனுக்கும் பெரிய எழுத்தைத்தான் காட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

நான் இவ்வளவு கறாராக நின்றதற்கு ஒரு காரணம் இருந்தது. எங்கள் பக்கத்துச் சங்கம் ஒன்றில் மீள்குடியேறிய குடும்பங்களின் விபரங்களை ஒரு கணினியில் சேர்த்து வைத்திருந்தார்கள். 1990க்கு முந்திய காணி உறுதிகள், பேர்மிட்கள், வாக்காளர் இடாப்பின் பக்கங்கள் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து வைத்த வேலை அது. வெளியேறும்போது உம்மாமார் உடுப்புக்குள் மறைத்துக் கொண்டுவந்த கடதாசிகள் அவை. மடிப்பில் கிழிந்து, கடல் காற்றில் பழுப்பாகி, கையெழுத்து மங்கியவை. "இது உங்கட காணி எண்டதுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்கும் இடங்களில் நீட்டுவதற்கு எங்களுக்கு வேறு எதுவும் இல்லை.

ஒரு மழைநாள் மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. மின் போகும்போது ஆபத்து குறைவு. திரும்பி வரும்போதுதான் கம்பியில் வோல்ட் துள்ளும். அந்தக் கணினிக்குள் இருந்த பெயர் தெரியாத பவர் சப்ளை தான் எரிந்ததோடு நிற்கவில்லை. மதர்போர்ட்டும் போயிற்று, ஹார்ட் டிஸ்க்கும் போயிற்று. நல்ல பெட்டியாக இருந்தால் தான் செத்து மற்றவற்றைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு உண்டு. டிஸ்க்கைக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். உள்ளே இருப்பதை மீட்டெடுக்கக் கேட்ட தொகை, புதிய கணினி இரண்டு வாங்கும் காசு. ஊரில் சேர்த்துக் கொடுத்தார்கள். ஒரு பகுதி வந்தது, ஒரு பகுதி வரவில்லை. வராத பகுதியில் இருந்தவர்களில் சிலர் அதற்கிடையில் மௌத்தாகியிருந்தார்கள். அவர்களுடைய மூலக் கடதாசி எந்தப் பெட்டிக்குள் கிடக்கிறது என்று பிள்ளைகளுக்கே தெரியாது. நல்ல பவர் சப்ளைக்கும் அதற்கும் இருந்த விலை வித்தியாசம் சில ஆயிரம் ரூபாய்.

ஆகவே மகனிடம் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். பட்டியலைக் கடைசி வரியில் இருந்து எழுதத் தொடங்கு. முதலில் பவர் சப்ளை, மிஞ்சுவதில் மற்றவை.

அவன் இரண்டு நாள் முகம் தூக்கிக்கொண்டு இருந்தான். பிறகு கொப்பியோடு உட்கார்ந்தான். பையன்கள் இந்த விசயங்களில் எங்களைவிட விரைவாகப் படிக்கிறார்கள். அவன் எனக்குச் சொல்லித்தந்தவற்றைச் சுருக்கி எழுதுகிறேன், யாருக்காவது உதவும்.

80 பிளஸ் என்ற முத்திரை, சுவரில் இருந்து எடுக்கும் மின்சாரத்தில் எத்தனை வீதம் கணினிக்குப் போய்ச் சேருகிறது என்பதைச் சொல்வது. பிரான்ஸ் தரத்துப் பெட்டி பாதிச் சுமையில் 85 வீதம் கொடுக்கிறது. மிச்சம் சூடாகப் போகிறது. அந்த முத்திரை பாதுகாப்புக்குச் சான்று அல்ல. வோல்ட் மிஞ்சினால், ஓட்டம் மிஞ்சினால், குறுக்குச் சுற்று ஏற்பட்டால் தானே நிற்கும் வசதிகள் உண்டா என்று தனியாகப் பார்க்க வேண்டும். பின்னால் 115, 230 என்று சிவப்புச் சுவிட்ச் வைத்தவை பழைய அமைப்பு. 100 முதல் 240 வோல்ட் வரை தானாகவே சமாளிப்பவை எங்களைப் போலக் கம்பியின் கடைசியில் இருப்பவர்களுக்கு நல்லது.

கார்ட்டைப் பற்றியும் அவனே சொன்னான். ஆர்.எக்ஸ் 580 வந்தது 2017இல். எதீரியம் என்ற மின்நாணயத்தைத் தோண்டுவதற்கு இப்படியான கார்ட்களை இரவு பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டெம்பரில் அந்த நாணயத்தின் முறை மாறியதும் தோண்டும் வேலை நின்றது. ஓடிக் களைத்த கார்ட்கள் உலகம் முழுவதும் மலிவு விலைக்குச் சந்தைக்கு வந்தன. எல்லாம் பழுது என்று சொல்ல முடியாது. ஆனால் விசிறி தேய்ந்ததா, உள்ளே பூசிய பசை காய்ந்ததா என்று பெட்டியில் எழுதியிருக்காது.

இன்னொரு வகைக் கார்ட் இருக்கிறது. மதர்போர்ட்டின் துளையே 75 வாட் வரை கொடுக்கும். அதற்குள் அடங்கும் கார்ட்டுக்குத் தனிக் கேபிள் வேண்டாம். ஜீ.டி.எக்ஸ் 1650இல் பல மாதிரிகள் அப்படி. 2024இல் வந்த 6 கிகாபைட் ஆர்.டி.எக்ஸ் 3050க்கு 70 வாட் போதும். கார்ட்டே இல்லாமல், படத்தையும் தானே கவனிக்கும் புரொசெசர்களும் உண்டு. ரைசன் 5 5600ஜீ அதில் ஒன்று. புதிய பெரிய கேம்களை அது தலைகீழாக நின்றாலும் அழகாக ஓட்டாது. கால்பந்து, கார் ஓட்டம், கொஞ்சம் பழைய கேம்கள் என்றால் தரத்தைக் குறைத்து வைத்து விளையாடலாம்.

பிறகு மின் கட்டணத்தைக் கணக்குப் போட்டோம். 2022 ஓகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் ஏறிய ஏற்றத்தை எந்த வீடும் மறக்கவில்லை. பிறகு குறைந்தும் கூடியும் வந்தாலும், மாதம் 60 அலகைத் தாண்டினால் வேறு கணக்கு, 90ஐத் தாண்டினால் இன்னும் வேறு என்ற ஏணி அப்படியே இருக்கிறது. 580 கார்ட்டோடு நாளுக்கு நான்கு மணித்தியாலம் முழு மூச்சில் ஓடினால் மாதம் 44 அலகுகள் வரும். கார்ட் இல்லாத அமைப்பில் அதே நேரத்துக்கு 18. கார்ட்டை ஒருமுறைதான் வாங்குகிறோம். அதற்குத் தீனி மாதாமாதம் வாங்க வேண்டும். சிறிய யூ.பி.எஸ். ஒன்றும் எங்களுக்குத் தேவை. 650 வி.ஏ. என்று எழுதியிருப்பது வாட்டில் 400க்கும் குறைவு. முதலாவது அமைப்பு அதன் மூச்சை அடைத்துவிடும்.

இந்தக் கணக்குகள் எல்லாம் முடிந்த பிறகு முடிவை மகனே எடுத்தான். 550 வாட் பெட்டி ஒன்று. 12 வோல்டில் 43 அம்பியர் என்று எழுதியிருந்தது, பெருக்கினால் 516. எழுத்தும் கணக்கும் ஏறத்தாழ ஒத்துப் போயின. அதோடு 5600ஜீ, ரெம் 16 கிகாபைட், ஒரு எஸ்.எஸ்.டி., மச்சானின் பழைய மொனிட்டர். கார்ட் இப்போது இல்லை. "பெட்டி நல்லமெண்டா கார்ட்ட பிறகு போடலாம் வாப்பா. கார்ட் நல்லமா இருந்து பெட்டி கூடாட்டி ரெண்டும் போயிரும்." இதை அவன் வாயால் கேட்டபோது நான் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே மட்டும் அல்ஹம்துலில்லாஹ் என்றேன்.

வீட்டின் ஏர்த் கம்பியையும் பார்க்கச் சொன்னேன். கோடையில் எங்கள் மண் காய்ந்து வெடிக்கும். காய்ந்த மண்ணில் நிற்கும் கம்பி பேருக்குத்தான் ஏர்த். மின்சாரவேலை செய்பவரைக் கொண்டு அதை ஆழமாக இறக்கி, குளியலறைத் தண்ணீர் போகும் பக்கத்துக்கு மாற்றினோம். நல்ல பெட்டியும் நல்ல ஏர்த்தை நம்பித்தான் நிற்கிறது.

எந்தக் கடைக்காரரும் சொல்லாத இன்னொரு பொருளையும் பட்டியலில் சேர்க்க வேண்டி வந்தது. கணினி வந்த முதல் கிழமை, மகனும் கூட்டாளிமாரும் ஒரு சுடும் விளையாட்டைப் பெரிய சத்தத்தில் போட்டிருந்தார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் அம்மா 2009இல் முள்ளிவாய்க்கால் வரை போய்த் திரும்பியவர். இரண்டு பிள்ளைகளை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். அவர் வந்து எதுவும் முறையிடவில்லை. முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தவர் விளக்குமாறை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டதை என் மனைவி கண்டார்.

மகனைக் கூப்பிட்டு நான் உபதேசம் செய்யவில்லை. அந்த அம்மா எதற்காகக் கதவைச் சாத்தினார் என்பதை மட்டும் சொன்னேன். அயலவரின் உரிமை பற்றி மத்ரஸாவில் படித்தவன் அவன். அடுத்த பஸ்ஸுக்கு முல்லைத்தீவு போய், கார்ட்டுக்கென்று ஒதுக்கி வைத்திருந்த காசில் ஹெட்போன் ஒன்று வாங்கி வந்தான். இஷாவுக்குப் பிறகு விளையாடுகிறான். வேலிக்கு அந்தப் பக்கம் கேட்பது பெட்டிக்குள் சுற்றும் விசிறியின் சத்தம் மட்டும்தான், அதுவும் மெதுவாக.